கிரவல் வெட்டிய தரவையில் புல் திரும்ப வருமா?

கேள்வி: மட்டக்களப்பில் எங்கள் குடும்பத்துக்கு 8 ஏக்கர் மேட்டுத் தரவை இருக்கிறது. ஊர் மாடுகள் அங்கேதான் மேயும். கிரவல் வெட்டக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். பிறகு புல் வருமா? கொழும்பில் இருந்துகொண்டு நான் என்ன செய்யலாம்?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: வரும், மேல்மண்ணைக் காப்பாற்றினால். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தரவையில் மண்வெட்டியால் ஒரு முழம் வெட்டிப் பாருங்கள். மேலே ஒரு சாண் அளவுக்கு மண் கறுத்து, நார்நாராக வேர் பின்னிக் கிடக்கும். அதற்குக் கீழே சிவந்த கிரவல். புல்லின் வேர், விதை, மண்புழு எல்லாம் பெரும்பாலும் அந்தக் கறுத்த மண்ணில்தான். பெக்கோ இயந்திரம் இரண்டையும் கலந்து டிப்பரில் ஏற்றிவிட்டால், மிஞ்சும் இறுகிய தளத்தில் எத்தனை மாரி வந்தாலும் பழைய புல் லேசில் பிடிக்காது.

ஆகவே ஒப்பந்தத்தில் முதலில் இதை எழுதுங்கள்: மேல்மண்ணைத் தனியே வழித்து, ஆள் உயரத்துக்கு மிஞ்சாமல் குவிக்க வேண்டும், விற்கக் கூடாது. உயரக் குவித்தால் காற்றுப் போகாமல் மண்ணில் உள்ள உயிர் செத்துவிடும். 8 ஏக்கரையும் ஒரேயடியாகத் திறக்க விடாதீர்கள். ஒரு ஏக்கரை வெட்டி, இறுகிய தளத்தைக் கிளறி, மேல்மண்ணைப் பரப்பிய பிறகுதான் அடுத்த ஏக்கர். பரப்பும் வேலை புரட்டாசிக்குள் முடிந்தால் ஐப்பசி மழைக்கே வேர் பிடிக்கும். அந்த மாரி முழுக்க அங்கே மாடு விட வேண்டாம். பட்டிக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள், பாதிப்பு முதலில் அவருக்குத்தான்.

குழியின் ஓரத்தைச் செங்குத்தாக விடவே கூடாது. மழைக்கு நிரம்பிய குழியில் மாடு இறங்கினால் ஏற முடியாது, பிள்ளைகளும் விளையாடப் போவார்கள். அப்புறம், டிப்பருக்கு ஒரே பாதைதான். சில்லைக் கழுவிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள், பார்த்தீனியம் என்ற களையின் விதை சேற்றோடு ஒட்டி வரும்.

சரி, கொழும்பில் செய்யக்கூடியது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் கிரவல் வெட்ட முடியாது. அதைக் கொடுக்கும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் தலைமையகம் பிட்டகோட்டேயில், உங்களுக்குப் பக்கம்தான். வரைபடம், ஆழம், நிலத்தைத் திருத்திக் கொடுக்கும் நிபந்தனை மூன்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் பணியகம் முடிவு சொல்ல வேண்டும்.

குத்தகைப் பணத்துக்கு மேலாக ஒரு பிணைப்பணமும் வாங்கி வையுங்கள். வெட்டிய இடத்தில் மாடு வாய் வைத்து மேய்கிறது என்று பட்டிக்காரர் சொன்ன பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கலாம்.