அம்மப்பாவின் கல்லச்சுப் படமும் பழுப்புப் புள்ளிகளும்

கேள்வி: 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த என் அம்மப்பாவுக்கு ஓர் அதிகாரி கொடுத்த படம் எங்கள் உப்புவெளி வீட்டில் இருக்கிறது. வயலில் அறுவடை செய்யும் ஒரு குடும்பம். லித்தோகிராப், அதாவது கல்லிலோ தகட்டிலோ வரைந்து அச்சிடும் கல்லச்சு என்கிறார்கள், ஆனால் ஓவியரின் பென்சில் கையெழுத்து இல்லை. பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. இது அசல்தானா? துடைத்து லமினேட் செய்யலாமா?

பதில்: லமினேட் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரித்தால் மையும் சேர்ந்தே வந்துவிடும்.

பென்சில் கையெழுத்து இல்லாதது ஒரு குறையே அல்ல. போர் முடிந்த பிரித்தானியாவில், நல்ல ஓவியங்கள் சாதாரண மக்களிடம் போக வேண்டும் என்றே கல்லச்சுப் படங்களைப் பெருமளவில் அச்சிட்டார்கள். பிரெண்டா ரோன்ஸ்லி 1946இலிருந்து பள்ளிக்கூடங்களுக்காகக் கொண்டுவந்த 'ஸ்கூல் பிரின்ட்ஸ்' அப்படிப்பட்டது. லயன்ஸ் தேநீர்க் கடைகளும் 1947, 1951, 1955ஆம் ஆண்டுகளில் தங்கள் சுவர்களுக்கென்று படங்கள் வெளியிட்டன. இவற்றில் ஓவியரின் பெயர் பெரும்பாலும் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கும். உங்கள் படத்தின் ஓரத்திலும் ஓவியர் பெயர், அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கூல் பிரின்ட்ஸ் என்றால், படத்தைச் சுற்றிச் சட்டம் போல ஒரு கரையும் வரைந்திருக்கக் கூடும்.

அசலா என்பதை மை சொல்லிவிடும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி, வானத்தையோ முகத்தையோ பாருங்கள். மெழுகுக் கோலால் வரைந்த கல்லச்சில் மை, ஈர மணலைத் தூவினது போல ஒழுங்கில்லாமல் படிந்திருக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்லோ தகடோ என்பதால், இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் விலகி ஏறியிருக்கலாம். அப்படியில்லாமல் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை பிசகாமல் பூவட்டம் போட்டிருந்தால், அது புகைப்படம் எடுத்து அச்சிட்ட நகல்.

சரி, பழுப்புப் புள்ளிகள். பூஞ்சையாலும் தாளில் கலந்த இரும்புத் துகள்களாலும் வருபவை இவை. ஈரத்துணி, பிளீச்சிங் பவுடர், பாண் துண்டு எதுவும் படக் கூடாது. புள்ளியை எடுப்பது தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரின் வேலை. பரவாமல் தடுப்பதுதான் உங்கள் வேலை.

கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் சட்டத்தைக் கழற்றுங்கள், வாடை மாரியில் வேண்டாம். தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். பின்னாலுள்ள பழைய மட்டையும் பலகையும் அமிலம் கக்குபவை, அவற்றுக்குப் பதில் அமிலமில்லாத அட்டை வையுங்கள். கண்ணாடியில் படம் தொடாதபடி, நடுவில் சாளரம் போல வெட்டிய அட்டை ஒன்றும் இரண்டுக்கும் இடையே வேண்டும். எதையும் செலோடேப்பால் ஒட்டாதீர்கள். பிறகு, வெயில் படாத உள்சுவரில், சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, காற்றுப் போக இடைவெளி விட்டு மாட்டுங்கள்.