1965 செவர்லே இம்பாலா கார்: வெளுத்த அசல் பெயின்ட்டை மறுபடி அடிக்கலாமா?

வேண்டாம், அடிக்காதீர்கள். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் ஒருமுறை போனால் போனதுதான். அந்தக் காரின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

பானட் சுண்ணாம்பு பூத்ததுபோல் இருப்பதற்குப் பெரும்பாலும் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றமே காரணம். அந்த ஆண்டு இம்பாலாவைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லேக்கர் என்ற பெயின்ட் வகை. மேலே கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) கிடையாது.

கதவின் அடிப்பகுதியில் உள்ளங்கை அளவு இடத்தை, வெள்ளைப் பருத்தித் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேயுங்கள். துணியில் கார் நிறம் ஏறினால் பெயின்ட் இன்னும் மிச்சம் இருக்கிறது. மெக்வயர்ஸ் 7 கிளேஸை (பெயின்ட்டுக்கு எண்ணெய்ப்பசை ஊட்டும் மெருகுக் கலவை) கையால் தாராளமாகத் தடவி, ஓர் இரவு ஊறவிட்டுத் துடையுங்கள். பிறகு மெழுகு.

மெஷின் பஃபர் (பாலிஷ் தேய்க்கும் இயந்திரம்) வேண்டவே வேண்டாம். விளிம்புகளில் பெயின்ட் மெல்லியது, நொடியில் அடிப்பூச்சான பிரைமர் தெரிந்துவிடும். மயிரிழை விரிசல்கள் இருந்தால் கிளேஸ் அவற்றைச் சரிசெய்யாது.