அண்ணனின் பங்கு

வணக்கம் அண்ணே,

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். என் மூத்த அண்ணனுக்கு 43 வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. போன வருஷம் அம்மா தவறியதிலிருந்து என்னோடுதான் இருக்கிறார். அம்மா அவர் பேரில் போட்ட டெபாசிட் நாலு லட்சம் இருக்கிறது. மாதம் வரும் உதவித்தொகை 2000 ரூபாயை அவர் ஏடிஎம் கார்டில் நானே எடுத்துச் செலவழிக்கிறேன். டெபாசிட்டை எடுக்கப் போனால் பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள். அண்ணனிடம் ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்கினால் போதாதா? மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் படகு இன்ஜினை வேலை பார்க்க ஒரு லட்சம் எடுத்து, தொழில் தொடங்கியதும் போட்டுவிடுவோம். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சின்ன மதினி ஊரெல்லாம் பேசுகிறார்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

மதினி பேச்சை விடுங்கள். அண்ணனைக் குளிப்பாட்டிச் சோறு போடுவது நீங்கள். பேசுகிறவர்கள் ஒரு வாரம் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளட்டும்.

பவர் செல்லாது. எதைக் கொடுக்கிறோம் என்று கொடுப்பவருக்குப் புரிய வேண்டும். வங்கியில் கேட்டது சரிதான். 18 வயது தாண்டிவிட்டால் பெற்ற தாய்கூடத் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் அந்த உத்தரவைத் தரும். ராமநாதபுரம் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கூடப்பிறந்தவர் மனுச் செய்யலாம். முதுமையில் மறதி நோய் வந்தவர்களுக்கும் கோமாவில் கிடப்பவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. நம் மாவட்டத்துக்காரர்கள் அதற்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். உங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது வேறு வரி. 'அவருக்கு ஒன்றும் தெரியாது.' இதைக் கேட்டே வளர்ந்தவன் நான்.

என் சித்தப்பாவும் உங்கள் அண்ணனைப் போலத்தான். பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆனால் கரைவலை இழுக்க விடியுமுன்னே போய் நிற்பார். கயிற்றைப் பிடித்துப் பின்னால் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். மீன் சேரும் வலைப்பை, அந்த மடி, கரையேறும்வரை கையை விடமாட்டார். பங்கு பிரிக்கும்போது அவர் பங்கு அவர் கைக்கே வரும். எண்ணத் தெரியாதவனுக்கு எதற்கு முழுப் பங்கு என்று அந்தக் கரையில் ஒருவரும் கேட்டதில்லை. ரூபாயைச் சாரத்தின், அதாவது லுங்கியின், முனையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வருவார். வாசலில் என் அப்பா அந்த முடிச்சை அவிழ்ப்பார்.

சித்தப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மூணு கட்டை டார்ச் லைட். கடைத்தெருவுக்குப் போனால் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிடுவார். "அவனுக்கு எதுக்கு டார்ச்சு, போட்டு உடைப்பான்" என்பார் அப்பா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அப்பா திருடர் இல்லை. தம்பி பேரில் கணக்குத் தொடங்கி மாதாமாதம் போட்டுவந்தார். அப்பா இறந்தபின் டிரங்குப் பெட்டியில் அந்தப் பாஸ்புக் கிடந்தது. ஒரு ஜூன் மாதத்தில் 18,500 ரூபாய் எடுத்திருந்தது. நான் மதுரையில் கல்லூரியில் சேர்ந்த மாதம் அது. திருப்பிப் போட்டுவிடலாம் என்றுதான் அவரும் நினைத்திருப்பார், உங்களைப் போலவே. திருப்பிப் போட்ட வரி அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. சித்தப்பா அப்பாவுக்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார், டார்ச் இல்லாமல். என்னிடம் உயிரையே வைத்திருந்த மனுஷன். "தம்பி படிப்புக்குத் தர்றியா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சாரத்தையே அவிழ்த்துக் கொடுத்திருப்பார். யாரும் கேட்கவில்லை. நான் படித்த படிப்பில் அந்தப் பணம் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு லட்சத்தைத் தொடாதீர்கள். ஒரு நாள்கூட வேண்டாம், ஒரு ரூபாய்கூட வேண்டாம். படகு உங்களுடையது, பணம் அவருடையது, எடுக்கிற கையும் உங்களுடையது என்றால் அவர் பக்கம் நின்று பேச யார் இருக்கிறார்கள்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: பணத்தைக் கையாளும் உரிமை அவருக்கும் உண்டு, துணை நிற்பவரின் சொந்த லாபம் குறுக்கே வந்தால் அந்தக் காரியத்தில் துணை நிற்பவர் விலகிக்கொள்ள வேண்டும். சட்டத்தை விடுங்கள், கடல் வழக்கத்தைப் பாருங்கள். டீசலும் ஐஸும் கழித்துப் பங்கு பிரிக்கும்போது படகுக்கு ஒரு பங்கு தனியே ஒதுக்குகிறீர்கள். வலைக்கு ஒதுக்குகிறீர்கள். இரும்புக்கும் நூலுக்கும் பங்கு வைத்துவிட்டு, கூடப்பிறந்தவன் பங்கில் கைவைப்பது எந்தக் கரை நியாயம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தொழில் கிடையாது, கையில் காசு நிற்காது, தெரியும். கடன் வேறு இடத்தில் வாங்குங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். நாற்பது பக்க நோட்டுப் போதும். அட்டையில் அண்ணன் பெயர். வரவு 2000 என்று முதல் வரி. மாத்திரை, சட்டை, முடிவெட்டு என்று தேதி போட்டு எழுதுங்கள், சீட்டுகளை ஒரு கவரில் சேருங்கள். சாப்பாட்டுக்கு ஒரு தொகை எடுப்பது தப்பில்லை. ஆனால் எவ்வளவு என்று முதலிலேயே முடிவு செய்து எழுதிவையுங்கள். பாதுகாவலர் ஆனால் ஆறு மாதத்துக்குள் அவர் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், மார்ச் முடிந்து மூன்று மாதத்துக்குள் வருஷக் கணக்கையும் கொடுக்க வேண்டும். அன்றைக்கு உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதி மறந்துபோகும், மறந்தது பொய்யாகிவிடும். மதினி கேட்டால் நோட்டை அவர் மடியில் வையுங்கள். எழுதும்போது அண்ணனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்குப் புரியுமா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். வாசித்துக் காட்டுங்கள்.

கடைக்கு அவரையும் கூட்டிப்போங்கள். சட்டை என்ன நிறம் என்று அவரைக் கேளுங்கள், அவர் காட்டுவதையே வாங்குங்கள், காசை அவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் எதன் முன்னால் நிற்கிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.