கோழிக்குப் போகும் புட்டு

கேள்வி: எனக்கு 41 வயது. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு லீசிங் நிறுவனத்தில் வேலை. மாதக் கடைசியில் வசூல் குறைந்தால் மேலிடத்துப் பேச்சுத் தாங்க முடியாது. வீட்டுக்கு வரும் வழியில் திருநெல்வேலிச் சந்தியில் கொத்து ரொட்டியும் சோடாவும், பிறகு படுக்கும்வரை மிக்சர், பிஸ்கட். ஒரு வருடத்தில் 11 கிலோ ஏறிவிட்டேன். வெறும் வயிற்றில் சீனி 118. அப்பா போன வருடம் காலமாகிவிட்டார், வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா மூடி வைக்கிற புட்டைக் காலையில் கோழிக்குப் போட்டுவிடுவேன். மனஅழுத்தத்தில் சாப்பிடுவதை எப்படி நிறுத்துவது?

- வாசகர், உரும்பிராய்

பதில்: தம்பி, அந்தப் புட்டைப் பற்றிக் கதைப்போம்.

கோழிக்குப் போவது அம்மாவுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? முற்றத்தில் கோழி எதைக் கொத்துகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடுத்த நாளும் பின்னேரம் தேங்காய் துருவி, மா குழைத்து, அவித்து, சம்பலும் இடித்து மூடி வைக்கிறார். புருஷனை இழந்த மனுஷி, சமைத்துப் போட மிச்சமாக இருப்பது நீங்கள் ஒருவர். அவர் இரவில் சாப்பிடுகிறாரா, யாரோடு சாப்பிடுகிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லையே. எனக்குக் கோபம் வந்தது அதில்தான்.

வேலை நெருக்கடி பொய் என்று சொல்லவில்லை. நெருக்கடி நீண்டால் உடம்பில் கோர்ட்டிசோல் என்ற மனஅழுத்த ஹோர்மோன் கூடும், எண்ணெயும் இனிப்பும் கேட்கும். ஆனால் டவுனில் இல்லாத கடையா? அங்கே நிற்காமல் பலாலி வீதியில் பாதி வழி வந்து, வீடு கிட்டும்போதுதானே நிற்கிறீர்கள்? அப்பா இல்லாத வீட்டுக்குள் நுழைய உங்களால் முடியவில்லை, அதனால் சந்தியில் நேரத்தைக் கடத்துகிறீர்கள், சாப்பாடு அதற்கு ஒரு சாட்டு. இப்படி எழுதுகிறவர்களில் அனேகம் பேர் மேலதிகாரியைக் குறை சொல்வார்கள், உள்ளே கிடப்பது வீட்டுத் துக்கம்.

அந்தத் துக்கம் உங்களுக்கு மட்டும் உரியதில்லை. அம்மா நாள் முழுக்க அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார், அவருக்கு ஒதுங்கி நிற்க ஒரு சந்தி கிடையாது. வயது போன தாயை ஒரே கூரைக்குள் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட விடுவது பிழை. வேலைக் களைப்பு அதற்குக் காரணம் ஆகாது.

சரி, இன்றைக்கு அலுவலகத்தால் இறங்கும்போது அம்மாவுக்கு போன் எடுத்து, “வாறன், இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவம்” என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு சந்தியில் நிற்க மனம் வராது. மேசையில் ஆறுதலாக இருந்து, அப்பாவைப் பற்றிக் கதைத்துச் சாப்பிடுங்கள், அழுகை வந்தால் வரட்டும். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிய 20 நிமிடம் வரை எடுக்கும், கொத்தை அவசரமாக விழுங்குகிறவருக்கு அது தெரிய வராது. புட்டைக் குரக்கன் மாவில் அவிக்கச் சொல்லுங்கள், கொஞ்சமாகப் போட்டு மரக்கறியைக் கூட்டுங்கள். சோடா வேண்டவே வேண்டாம். மிக்சர் வீட்டில் இருந்தால் கை போகும், வாங்காதீர்கள்.

118 என்பது நீரிழிவு இல்லை, அதற்கு முந்திய நிலை. 126 ஆனால் நீரிழிவு. இப்போது திருப்பலாம். இந்தக் கிழமையே டொக்டரிடம் போய் எச்பிஏ1சி சோதனையும் செய்யச் சொல்லுங்கள், அது இரண்டு மூன்று மாதத்துச் சீனி நிலையைக் காட்டும். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் பார்க்க வேண்டும்.