மாமியார் காரியத்தின் கடனே தீரவில்லை; மாமனாருக்கு என்ன செய்வது?

கேள்வி: நான் திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 22,000. கணவரின் ஆட்டோ உதிரிபாகக் கடையில் மாதம் 25,000 நிற்கும். 26 மாதங்களுக்கு முன் மாமியார் காலமானார். ஷார்ஜாவில் இருக்கும் கொழுந்தனார் வருவதற்காக உடலை இரண்டு நாள் வைத்திருந்தோம். எடுத்த அன்றைக்கும் கருமாதிக்கும் சேர்த்து 2,60,000 செலவு. கையில் இருந்தது 60,000. மீதி 2 லட்சத்தை மூணு வட்டிக்கு வாங்கினோம். இன்றுவரை வட்டி மட்டும்தான் கட்டுகிறோம். மொய் வந்த 84,000 கைமாற்றுக் கடன்களுக்கே போய்விட்டது. என் நகை 9 பவுன் வீட்டில் இருக்கிறது.

மாமனாருக்கு வயது 79. ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார். நினைவு தெளிவாக இருக்கிறது. ஆனால் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வங்கியில் அவர் பெயரில் 1,10,000 வைப்பு உண்டு, மாமியார்தான் நாமினி. “அண்ணிக்குச் செஞ்சதுக்கு ஒரு படி மேலேயே அண்ணனுக்குச் செய்யணும்” என்கிறார் கணவரின் சித்தப்பா. வங்கிச் செயலியில் 3 லட்சம் தனிநபர் கடன் தயார் என்று வருகிறது. 75,000 முன்பணம் கட்டினால் இறுதிச் சடங்கு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் ‘பேக்கேஜ்’ என்று ஒரு முகவரும் வந்து போகிறார். எதை எடுக்கலாம்?

– வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, இரண்டையும் எடுக்காதீர்கள். முகவரிடமும் செயலியிடமும் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் கடிதத்தோடு இணைத்திருக்கும் மாமியார் காரியச் செலவுப் பட்டியலைப் பார்ப்போம்.

அதில் ஆறு வரிகளுக்கு நேராகச் ‘சித்தப்பா சொன்னது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பூ அலங்கார ரதம் 22,000. பேண்ட் 18,000. வெடி 12,000. ஃபிளக்ஸும் போஸ்டரும் 16,000. மண்டபம் 35,000. கருமாதிச் சாப்பாடு 450 இலை, இலைக்கு 160 வீதம் 72,000. கூட்டினால் 1,75,000. நீங்கள் வாங்கிய கடன் 2 லட்சம். மாமியாரை நல்லபடியாக அனுப்பிவைத்த செலவு 85,000தான், அதில் 60,000 உங்கள் கையிலேயே இருந்தது. கடனில் பெரும்பகுதி அடுத்தவர் வாயால் சொன்ன ஆர்டருக்கு. அந்தக் கடனுக்கு மாதம் 6,000 வீதம் 26 மாதத்தில் 1,56,000 வட்டியாகப் போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மொய்ப் பணம் 84,000-ஐ அன்றே அசலில் கட்டியிருந்தால் வட்டி மாதம் 3,480 ஆகியிருக்கும். இதுவரை 65,000-க்கு மேல் மிஞ்சியிருக்கும். அந்த மொய்யும் திருப்பிச் செய்யவேண்டிய பணம்தான் என்பது நோட்டைப் புரட்டினால் உங்களுக்கே தெரியும்.

ஆகவே உங்கள் வீட்டில் மாறவேண்டிய பழக்கம் ஒன்றுதான். சித்தப்பா ஆர்டர் கொடுப்பது, உங்கள் கணவர் “சரிங்க” என்பது, பணத்துக்கு நீங்கள் ஓடுவது. துக்க வீட்டில் வாசலில் நின்று யாரும் பேரம் பேச முடியாது. அந்த நேரத்தில் மறுத்துப் பேசவும் வாய் வராது. பேசவேண்டிய காலம் இப்போதுதான். உயிரோடு இருப்பவருக்குப் பாடை கட்டுகிறாயா என்று யாராவது கோபித்தால் கோபிக்கட்டும்.

யாரிடம் பேசுவது? மாமனாரிடமே பேசுங்கள். நினைவு தெளிவாக இருக்கிறது என்கிறீர்கள், ஆசிரியராக இருந்தவர். எரிப்பதா புதைப்பதா, திருச்சி ஓயாமரி மயானத்திலா சொந்த ஊர் மயானத்திலா, பேண்டும் வெடியும் வேண்டுமா, கருமாதிக்கு எத்தனை பேர் என்று அவர் கையாலேயே அரைப் பக்கம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். இது உயில் ஆகாது, ஆகவும் வேண்டியதில்லை. அன்றைக்குச் சித்தப்பா முன்னால் நீட்ட அந்தத் தாள் ஒன்று போதும். அண்ணனின் கையெழுத்துக்கு மேல் பேச அவருக்கும் மனம் வராது. அதற்கு மேலும் பேண்ட் வைக்க அவர் ஆசைப்பட்டால் மரியாதையாகச் சொல்லுங்கள்: “தாராளமா வைங்க சித்தப்பா, அது உங்க செலவா இருக்கட்டும்.” கணவர்தான் சொல்லவேண்டும், நீங்கள் சொல்லக்கூடாது. மருமகள் சொன்னால் அதுவே பத்து வருஷப் பேச்சாகும்.

இனி தொகை. திருச்சியில் ஆடம்பரமில்லாமல், அதே சமயம் குறையுமில்லாமல் செய்ய என் தோராயக் கணக்கு இது. குளிர்பெட்டி ஒரு நாளைக்கு 4,000, சாதாரண அமரர் ஊர்தி 5,000, தகன மேடைக் கட்டணமும் உதவியாளர் கூலியும் 6,000, பந்தல் நாற்காலி 8,000, மாலை, பூ 5,000, கோடித் துணியும் சடங்குப் பொருள்களும் 5,000, சடங்கு செய்பவருக்கு 3,000, வருகிறவர்களுக்கு டீ, சாப்பாடு 6,000. இது 42,000. பதினாறாம் நாள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு 120 இலை சைவச் சாப்பாடு, இலைக்கு 130 என்றால் 15,600. சடங்கு, தட்சணை 8,000, துணிமணி 6,000, ஷாமியானா 4,000. ஆக 33,600. இரண்டும் சேர்ந்து 75,600. உச்சவரம்பு 80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணம் மாமனாரிடமே இருக்கிறது. ஆனால் இறந்துபோன மாமியாரை நாமினியாகவே விட்டிருக்கிறீர்களே! 1,10,000 வைப்பை அப்படியே விட்டால், அவர் போன பிறகு வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்து என்று மாதக்கணக்கில் அலையவேண்டி வரலாம். அவர் சம்மதத்தோடு அதை முன்கூட்டியே முறியுங்கள். வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பரவாயில்லை. அவரும் உங்கள் கணவரும் சேர்ந்து ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் 80,000-ஐ அதில் போடுங்கள். மீதி 30,000-ஐப் புது நாமினி போட்டு மறுபடி வைப்பு வையுங்கள். இதைக் கணவரின் உடன்பிறந்தவர்களுக்கு இன்றே வாட்ஸ்அப்பில் எழுத்தாகத் தெரிவித்துவிடுங்கள். அப்பா பணத்தை எடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு நாளைக்கு எழக்கூடாது. ஓய்வூதியம் வரும் கணக்கின் ஏடிஎம் அட்டையை அவர் காலமான பிறகு யாரும் தொடவேண்டாம். இறந்த நாளுக்குப் பிந்தைய ஓய்வூதியம் கணக்கில் ஏறியிருந்தால் அது திரும்பப் பிடிக்கப்படும்.

அந்த 75,000 பேக்கேஜ் விஷயம். நீங்கள் அனுப்பிய விலைத் தாளில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 88,500 என்று போட்டிருக்கிறது. இறுதிச் சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை, உடலைக் கொண்டுசெல்வது ஆகிய சேவைகள் ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி வரிக்கே உட்படாதவை. அப்படியிருக்க 13,500 எதற்கு? அதைவிடப் பெரிய சங்கடம், அது காப்பீடும் இல்லை, வங்கி வைப்பும் இல்லை. வங்கியில் 80,000 கிடந்தால் 5 லட்சம் வரைக்கான வைப்புக் காப்பீடு அதற்கு உண்டு. முகவரின் நிறுவனம் நாளைக்கு மூடிக்கொண்டால் யாரிடம் கேட்பீர்கள்? ‘விலை ஏறினாலும் உங்களுக்கு ஏறாது’ என்பதற்கு மயங்காதீர்கள். தாளின் அடியில் சிறிய எழுத்தில் ‘மாநகராட்சி எல்லைக்குள் மட்டும், 20 கிலோமீட்டர் வரை’ என்று இருக்கிறது, படித்தீர்களா? இப்போது புதிது புதிதாக வரும் இந்த வகைத் திட்டங்களை நான் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை.

தனிநபர் கடன் வேண்டாம் என்பதற்குக் கணக்கே போதும். 3 லட்சம், 15 சதவீதம், மூன்று வருடம் என்றால் தவணை சுமார் 10,400. ஏற்கெனவே போகிற 6,000-ஐச் சேர்த்தால் 16,400. 47,000 வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரியக் கடனுக்கே போகும்.

பழைய 2 லட்சத்தை இந்த மாதமே மாற்றுங்கள். வங்கி நகைக் கடன் 9, 10 சதவீதத்தில் கிடைக்கும். மாதம் 6,000 போன இடத்தில் வட்டி 1,700-க்குள் வரும். ஒன்பது பவுனையும் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், 2 லட்சத்துக்கு வேண்டிய எடை மட்டும் போதும். வட்டி குறைந்ததே என்று குறைத்துக் கட்டாமல் அதே 6,000-ஐத் தொடர்ந்து கட்டினால், ஏறக்குறைய மூன்றேகால் வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். இடையில் வருடக் கெடு வரும்போது வட்டியை முழுதாகத் தீர்த்துப் புதுப்பிக்கவேண்டும், மறந்துவிடாதீர்கள். மூணு வட்டிக்காரரிடம் கொடுத்துவைத்த புரோநோட்டைக் கையில் வாங்கிய பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.

அன்றைக்குப் பணம் கசிவது எங்கே என்பதையும் எழுதிவிடுகிறேன். மருத்துவமனை வாசலில் வந்து நிற்பவரிடம் வண்டி, குளிர்பெட்டி, மயானம் மூன்றையும் ஒரே தொகைக்குப் பேசிவிடாதீர்கள். இரண்டு மூன்று பேரின் விலையை இப்போதே தொலைபேசியில் கேட்டு எழுதிவையுங்கள். வண்டிக்குக் காத்திருப்புக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு? இரவுக்குத் தனி விலையா? பெட்டிக்கு இரண்டாம் நாள் வாடகை எவ்வளவு? தூக்குகிற ஆள் கூலி இதில் சேர்ந்ததா? அரசு மருத்துவமனையில் காலமானால் 155377-ஐ அழைத்தால் இலவச அமரர் ஊர்தி வரும். 108 உடலை ஏற்றாது.

பெட்டியில் வருகிற சிக்கல் பெரும்பாலும் மின்சாரத்தில்தான். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் போட்டால் கம்ப்ரஸர் கிளம்பும்போது ட்ரிப் ஆகும், அல்லது ஒயர் சூடாகும். நேராகச் சுவர் பிளக்கில், எர்த் உள்ள இடத்தில் போடச் சொல்லுங்கள். தரை சமமாக இருக்கவேண்டும். உடலை வைப்பதற்கு அரை மணி முன்பே ஓடவிட்டால் உள்ளே குளிர் பிடிக்கும். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் மூடியைத் திறக்கச் சொல்வார்கள். திறக்கத் திறக்கக் குளிர் இறங்கி, கண்ணாடியில் நீர் கோத்து, முகமே தெரியாமல் போகும். வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் இதை இழுக்காது. மின்தடை வந்தால் ஜெனரேட்டர் யாருடையது என்று கேட்டு வையுங்கள். ஷார்ஜாவில் இருக்கும் கொழுந்தனாருக்காக மாமியாரை இரண்டு நாள் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நேர்ந்தால் முதல் நாள் மருத்துவமனைப் பிணவறைக் குளிர் அறையில் வைத்து, அவர் விமானம் ஏறிய பிறகு வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது.

தகன மேடையில் நேரம் பதிவான பிறகே எடுக்கும் நேரத்தை ஊருக்குச் சொல்லுங்கள். ராகு காலமும் எமகண்டமும் போக எல்லோரும் கேட்பது அதே இரண்டு மூன்று மணி நேரம். முன்னால் ஓர் உடல் இருந்தால் நீங்கள் ஒரு மணி, ஒன்றரை மணி காத்திருக்க நேரும். வண்டிக்குக் காத்திருப்புக் கட்டணம் ஏறுவது அங்கேதான். இறந்தவரின் ஆதார், மனு கொடுப்பவரின் ஆதார், மருத்துவர் சான்று மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். எரிவாயு மேடையில் அஸ்தி அன்றே கைக்கு வந்துவிடும். மறுநாள் மயானத்துக்கு இன்னொரு வண்டி பிடிக்காமல், பால் தெளிப்பதையும் காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் கரைப்பதையும் எப்படி வைத்துக்கொள்வது என்று சடங்கு செய்பவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

பேஸ்மேக்கரை மறக்கவே கூடாது. தகனச் சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும். மேடை சேதமாகும், அருகில் நிற்கும் பணியாளருக்கும் ஆபத்து. மருத்துவமனையில் காலமானால் உடலை வாங்குமுன் அகற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டில் காலமானால் அவருக்குப் பார்க்கும் மருத்துவர் வழியாக அகற்ற ஏற்பாடு செய்யுங்கள். புதைப்பதானால் இந்தக் கவலை இல்லை. மாமனார் எழுதும் அரைப் பக்கத்தின் மேல் மூலையிலேயே ‘பேஸ்மேக்கர் உண்டு’ என்று குறித்துவிடுங்கள்.

இறப்புப் பதிவு 21 நாளுக்குள் நடக்கவேண்டும், அதுவும் உயிர் பிரிந்த இடத்தில். திருச்சி மருத்துவமனை என்றால் மாநகராட்சி, தகவலை மருத்துவமனையே அனுப்பும். சொந்த ஊர் வீட்டில் என்றால் அந்தக் கிராமத்து விஏஓ. படிவத்தில் பெயர், தகப்பனார் பெயர், இனிஷியல் மூன்றும் ஓய்வூதியப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்துப் பிசகினால் வங்கி, கருவூலம், பட்டா எல்லாமே நின்றுபோகும்.

கருவூலம் என்றதும் இன்னொன்று. ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதி, அதில் 50,000 வரவேண்டியிருக்கிறது. துணைவி இல்லாததால் அது நாமினிக்குப் போகும். அந்த நாமினியும் மாமியாராகத்தான் இருப்பார். மாமியாரின் இறப்புச் சான்றிதழ் நகலோடு கணவரைக் கருவூலத்துக்கு இந்த வாரமே அனுப்பி, மாமனார் கையெழுத்திட்ட புது நாமினி படிவத்தைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகலைக் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். அந்தப் பணம் காரியம் முடிந்த பிறகுதான் வரும், 80,000 கணக்கில் அதைச் சேர்க்கவேண்டாம். வந்த அன்றைக்கே நகைக் கடன் அசலில் கட்டுங்கள்.