முரசுமோட்டை நெல் ஸ்டோர் வீடாகுமா?

கேள்வி: கிளிநொச்சி முரசுமோட்டையில் அப்பாவின் பழைய நெல் ஸ்டோர் இருக்கிறது. 60 அடி நீளம், 30 அடி அகலம், சீமெந்துக் கல் சுவர், அஸ்பெஸ்டஸ் கூரை. யுத்தத்துக்குப் பிறகு பூட்டியே கிடக்கிறது. லண்டனில் இருக்கும் தம்பி, தேம்ஸ் கரைப் பண்டகசாலைகள் வீடாகியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பி, இடிக்க வேண்டாம் என்கிறான். மேசனோ, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படங்களை ஒருபக்கம் வையுங்கள். அங்கே தடித்த செங்கல் சுவருக்குள் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் பாடுபடுகிறார்கள். நீங்கள் ஆவணி மாதத்து மதியம் ஸ்டோருக்குள் பத்து நிமிடம் நின்று பாருங்கள். காசு எங்கே போகப்போகிறது என்று தெரிந்துவிடும்: கூரைக்கு.

ஓடு போடும் ஆசை வரும். அவசரப்பட வேண்டாம். அஸ்பெஸ்டஸ் கூரை சரிவு குறைவாகக் கட்டப்பட்டது. அந்தச் சரிவில் ஓடு போட்டால் மழைத் தண்ணீர் உள்ளே ஏறும். ஓட்டின் பாரமும் இரண்டு மடங்குக்கு மேல், பழைய தீராந்தி தாங்காது. தகரமும் அதன் கீழே வெப்பம் தடுக்கும் விரிப்பும் போடுங்கள். முகட்டில் சூடு வெளியேற வழி விடுங்கள். உயரத்தைக் குறைக்காதீர்கள், அதுதான் இந்தக் கட்டடத்தின் சொத்து.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும். வாளால் அறுப்பது, மேலிருந்து எறிவது, உடைத்து அத்திவாரத்துக்கு நிரப்புவது எல்லாம் ஆபத்து. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம்.

சுவருக்கு வருவோம். கூரைப் பாரம் தூண்களில் நிற்கிறதா, சுவரிலா? தூணில் என்றால் இடைச்சுவரைத் தாராளமாக வெட்டி யன்னல் வைக்கலாம். சுவரில் என்றால் ஒவ்வொன்றாக, யன்னலுக்கு மேல் பாரம் தாங்கும் லிண்டல் போட்டபிறகே அடுத்தது. ஷெல் பட்ட தூணின் மேல்பூச்சை மட்டும் பூசி மறைத்திருப்பார்கள். தட்டிப் பார்த்து, உள்ளே கம்பி வளைந்திருக்கிறதா என்று பொறியியலாளர் ஒருவரிடம் காட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மேசன் சொல் போதாது. யன்னல்கள் சோளகம் வரும் தென்மேற்கிலும் வாடை வரும் வடகிழக்கிலும் எதிரெதிராக இருக்கட்டும். வாடையோடு மழையும் வரும், அந்தப் பக்கம் தாழ்வாரம் நீளமாக வேண்டும்.

லொறி ஏற்றுவதற்காக உயர்த்திய மேடை இருந்தால் இடிக்கவே வேண்டாம். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்தபோது கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மேடை உங்கள் விறாந்தை.

நெல்லோடு உரமும் பூச்சிமருந்தும் அடுக்கியிருந்தார்களா என்று பழைய ஆட்களிடம் விசாரியுங்கள். அடுக்கியிருந்தால் அந்தப் பகுதித் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவதே நல்லது. உரத்தின் உப்பு ஊறிய தரையில் மாபிள் பதித்தால் கழன்றுவிடும்.

கடதாசி வேலை: பாவனை மாற்றத்துக்குப் பிரதேச சபை அனுமதி எடுங்கள். காணி உறுதியா, பேமிற்றா (அரச காணி அனுமதிப்பத்திரமா) என்பதையும், பேமிற் என்றால் இப்போது யார் பெயரில் என்பதையும் முதலில் பாருங்கள்.

மலசலகூடக் குழி வெட்டுமுன் அந்த இடம் வெடிபொருள் அகற்றிய பகுதிதானா என்று கிராம சேவையாளரிடம் கேளுங்கள். மண்வெட்டியில் துருப்பிடித்த இரும்பு ஏதும் தட்டுப்பட்டால், தொடாமல் விலகி நின்று பொலிசுக்குச் சொல்லுங்கள்.