கொழும்பிலிருந்து கிழக்கே போக ஹைலெவல் வீதி இருக்கும்போது லோலெவல் வீதி எதற்கு? அது எந்த வழியாகப் போகிறது?

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். பழைய வழி ஆற்றோரம் போகும் லோலெவல்தான். களனி கங்கையின் தென்கரையை ஒட்டிப் போவதால் அந்தப் பெயர். வெள்ளத்துக்கு எட்டாமல் நுகேகொடை, மஹரகம, ஹோமாகம மேட்டு நிலத்தால் போவது ஹைலெவல், அதாவது ஏ4 நெடுஞ்சாலை.

லோலெவலின் வீதி இலக்கம் ஏபி10. ஒருகொடவத்தையில் தொடங்கி வெல்லம்பிட்டி, கொட்டிகாவத்தை, அம்பத்தளை, கடுவெல, நவகமுவ, ரணால என்று போய் ஹங்வெல்லையில் ஏ4 உடன் சேரும். கடுவெல வரை நகர நெரிசல்தான், அதற்கப்பால்தான் கிராமம். புறக்கோட்டையிலிருந்து இந்த வழியால் ஹங்வெல்லைக்கு 143 பஸ். 122இல் ஏறினால் அவிசாவளைக்கு ஹைலெவலால் கொண்டுபோகும்.

வரலாறு முழுக்க ஆற்றோடுதான். 1820களில் இப்போதைய கண்டி வீதி வெட்டப்படும் முன், கொழும்பிலிருந்து கண்டிக்குப் போன படைகள் ஹங்வெல்லை, ருவன்வெல்லை வழியைப் பயன்படுத்தின. 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை இராச்சியத்தின் படை போர்த்துக்கீசரை முறியடித்த முல்லேரியா இந்த வீதிக்குப் பக்கத்தில்தான். ஹங்வெல்லையில் போர்த்துக்கீசரும் பிறகு ஒல்லாந்தரும் கோட்டை வைத்திருந்தார்கள். 1803இல் கண்டி அரசனின் படை கொழும்பை நோக்கி வந்து, அங்கேதான் ஆங்கிலேயரிடம் தோற்றுத் திரும்பியது. தமிழர்கள் அவசியம் இறங்க வேண்டிய இடம் நவகமுவ. கயவாகு மன்னனோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் பத்தினி தேவாலயம் அங்கே இருக்கிறது. பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகிதான்.

அம்பத்தளையைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். கொழும்பின் குழாய்த்தண்ணீரில் பெரும்பங்கு அங்கே சுத்திகரிக்கப்படுகிறது. மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துவிட்டது. அதனால் வறட்சிக் காலத்தில் கடலின் உப்புநீர் அந்த இடம் வரை ஏறி வரும். அதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே உப்புத்தடுப்பு, அதாவது உப்புநீரை மறிக்கும் தடுப்பு, தேவைப்படுகிறது.

இந்த வீதியின் பெரிய தொல்லை வெள்ளம். ஹங்வெல்லைக்குக் கீழே ஆற்றுக்குச் சரிவு மிகக் குறைவு, மலையில் பெய்த மழை மெதுவாகத்தான் வடியும். 2016 மே மாதம் வெல்லம்பிட்டிப் பக்கம் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. புறப்படும் முன் இரண்டு நீர்மட்டமானிகளைப் பாருங்கள். ஹங்வெல்லையில் 8 மீற்றர் சிறு வெள்ளம், 10 மீற்றர் பெருவெள்ளம். கீழே கொழும்பின் நாகலகம் வீதியில் 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஒன்று மீற்றர், மற்றது அடி. வட்ஸ்அப்பில் அலகு இல்லாமல் வெறும் எண் சுற்றும்போது வீண் பீதி கிளம்புவது இதனால்தான். ஹங்வெல்லையில் ஏறிய தண்ணீர் நாகலகம் வீதிக்கு வந்துசேர நேரம் எடுக்கும், ஆகவே கீழே இன்னும் குறைவாக இருக்கிறது என்று நம்பிப் புறப்படாதீர்கள்.

வெல்லம்பிட்டிப் பக்கம் மூடப்பட்டால், கடுவெலவில் இறங்கி 177 பஸ் எடுங்கள். மாலபே, பத்தரமுல்லை வழியாகக் கொள்ளுப்பிட்டிக்கு வந்துவிடலாம்.